கொட்டிக் காயில் முள்

கால் கட்டைவிரல்தான் முதலில் பார்க்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கண்ணை எதிர்க்கரைப் பனைமரங்களின் மேல் வைத்துக்கொண்டு, பூங்குழலி சேற்றுக்குள் விரலால் துழாவுகிறார். கல் தட்டினால் விரல் விலகிவிடும். நத்தை ஓடு தட்டினால் ஒதுக்கித் தள்ளும். கொட்டிக் கிழங்கு தட்டினால் விரல் நின்றுவிடும். கூடவே பேச்சும் நின்றுவிடும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, கிழங்கை இலையோடும் வேரோடும் சேதமில்லாமல் மேலே கொண்டுவருவார். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை. அதைத் தண்ணீரில் அலசி, வேர் முடிகளை நீவிவிட்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே திரும்பப் புதைத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மாதனூருக்குத் தெற்கே உள்ள சின்ன ஏரியில் இது நடக்கும். பழைய நைட்டி, அதன்மேல் கணவரின் ஆரஞ்சு நிற ரயில்வே மேல்சட்டை. பக்கத்தில் காற்றடித்த லாரி டியூப் ஒன்று மிதக்கும். அதன் நடுவே கட்டிய பிளாஸ்டிக் டப்பில் கத்தரிக்கோல், பழைய செய்தித்தாள், கண்ணாடிக் குப்பிகள். கரையில் மாடு மேய்ப்பவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"கெழங்கு நோண்டி விக்கறவளா இருந்தா உட்ருவாங்க. பேண்ட் சட்ட போட்ட ஆபீசரா இருந்தா ஆராய்ச்சின்னு உட்ருவாங்க. நான் ரெண்டும் இல்ல. அதான் நின்னு பாக்கறாங்க" என்பார். குறையாகச் சொல்வதில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல்தான்.

மற்ற ஆறு நாளும் அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து முடித்த அப்பர்கள், அதாவது ஷூவின் மேல்பாகங்கள், அவர் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, தையலையும் தோலையும் பார்த்து, தேறியது இந்தப் பக்கம், தேறாதது அந்தப் பக்கம் என்று வைப்பார். தோலில் சில நேரம் ஆட்டின் ரத்தக்குழாய்த் தடம் கிளைகிளையாகத் தெரியும். மற்றவர்கள் கண்ணுக்கு அது சாயம் ஏறிய பிறகுதான் படும். பூங்குழலி எடுத்தவுடனே சொல்லிவிடுவார்: "நரம்பு ஓடுது பாரு. இது வயித்துப் பக்கம்."

அவருடைய லைன் சூப்பர்வைசர் குர்ஷித் ஆம்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொல்லித்தான் எனக்குப் பூங்குழலியைத் தெரியும். "அவ கையில இருந்து ஒரு ரிஜெக்ட் தப்பாதுங்க. ஆனா கேன்டீன்ல கீர போட்டா மட்டும் பேஜாரு. திங்காம திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருப்பா. சாப்பாட்டு டைம் முடிஞ்சிடும்" என்று குர்ஷித் ஒருநாள் சொன்னார். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஏரிக்கரைக்குப் போனேன்.

பூங்குழலி தாவரவியலில் முதுகலை படித்தவர். வேலூரில் படிக்கும்போதே கொட்டி என்கிற நீர்ச்செடி இனத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியில் சேர்ந்தார். நடுவில் கல்யாணம், மகள் பிறந்தாள், உதவித்தொகை வரும் வரும் என்று வராமலே போனது. ஆராய்ச்சி அப்படியே நின்றது. பிறகு ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்தினார். அங்கே தாவரவியலில் சேர ஆள் குறைந்துகொண்டே வந்து, ஒரு வருடம் யாருமே சேரவில்லை.

"டிப்பார்ட்மென்ட்ட மூடிட்டாங்க. மைக்ராஸ்கோப்ப எல்லாம் தொடச்சி பீரோல வெச்சாங்க. என்ன எங்க வெக்கிறதுன்னுதான் தெரியல" என்று சிரித்தார்.

அடுத்த மாதமே மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிவிட்டார். அந்த பஸ்ஸில் பட்டம் படித்த பெண்கள் நிறையப் பேர் உண்டு. யாரும் யாரையும் என்ன படித்தாய் என்று கேட்பதில்லை.

கொட்டி பெரிய அழகி இல்லை. அல்லி பக்கத்தில் இருந்தால் யாரும் இதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தண்ணீர்மேல் மாவிலைபோல நீண்ட இலை படுத்திருக்கும். இலைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கதிர் தண்ணீரைவிட்டு நிமிர்ந்து நிற்கும். அதில் நெருக்கமாகப் பொடிப் பூக்கள். ஒரு பூவுக்கு இரண்டே இதழ், ஆறு மகரந்தத் தாள். "மத்த பூவெல்லாம் மூணு, அஞ்சுன்னு வெக்கிது. இது ரெண்டோட போதும்னு நிறுத்திக்கிச்சு" என்று பூங்குழலி கைலென்ஸை என்னிடம் கொடுத்தார். லென்ஸுக்குள் அந்த இரண்டு இதழும் ஏதோ சொல்ல வந்து திறந்த உதடுகள்போல இருந்தன.

ஏரி வற்றும்போது இலை மக்கிவிடும். தரை பாளம் பாளமாக வெடிக்கும். பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்கள் ஓடுகிற மண்ணுக்குக் கீழே கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு வருடம் மழை இல்லையென்றாலும் பொறுத்துக்கொள்ளும். ஜவ்வாது மலைப் பக்கத்து ஓடையில் தண்ணீர் வந்து ஏரி நனைந்ததும், முதலில் சிவந்த சுருள் இலை ஒன்று சேற்றைத் துளைத்துக்கொண்டு வரும். பாலாற்றை ஒட்டிய ஏரிகள் சிலவற்றில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கியபின் கொட்டி இல்லாமல் போய்விட்டது என்கிறார். இந்த ஏரி மேட்டில் இருப்பதால் அந்தத் தண்ணீர் இங்கே ஏறியதில்லை.

இந்த ஏரியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. சுற்று வட்டாரத்தில் அவர் பார்த்த கொட்டியெல்லாம் வெள்ளைக் கதிர் விட்டன. இங்கே மட்டும் கதிர் இளம் ஊதா. அதே இனத்தில், காய் முழுக்க முள் முள்ளாக இருக்கிற வேறொரு வகை உண்டு. தக்காணத்துக் குட்டைகளில் இருப்பதாகப் படித்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததாக அவருக்குத் தெரியவில்லை. இது அதுவாக இருக்குமோ என்று கல்லூரிக் காலத்திலேயே ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. பூவை வைத்து அதை முடிவுசெய்ய முடியாது. இலையை வைத்தும் முடியாது. முற்றிய காயைப் பார்க்கவேண்டும்.

அதுதான் கிடைக்கவில்லை. பூத்து முடிந்ததும் கொட்டிக் கதிர் கழுத்தை வளைத்துத் தண்ணீருக்குள் போய்விடும். காய் உள்ளேயே முற்றி, வெடித்து, விதைகள் சற்று நேரம் மிதந்து, பிறகு அடியில் இறங்கிவிடும். ஒரு வருடம் காய் பிடிப்பதற்குள் தண்ணீர் வற்றியது. ஒரு வருடம் எருமைகள் மேய்ந்துவிட்டன. ஒரு வருடம் மகளுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்து பார்த்தபோது வெறும் காம்புதான் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஏரி நிரம்பிய கையோடு வேறொன்று வந்தது. ஆம்பூரில் மீன் வியாபாரம் செய்யும் வாஹித் பாஷா அந்த ஏரியின் மீன் குத்தகையை எடுத்திருந்தார். ரோகு, கட்லாவோடு புல் கெண்டைக் குஞ்சும் விடப்போவதாகச் சொன்னார். புல் கெண்டைக்குப் பேரிலேயே தீனி இருக்கிறது. நீர்ச்செடி எது கண்ணில் பட்டாலும் மேய்ந்துவிடும். ஏரி 'சுத்தமாக' இருக்கவேண்டும் என்பதற்காகவே அதை விடுவார்கள்.

பூங்குழலி அவரைத் தேடி மார்க்கெட்டுக்கே போனார். நானும் கூட இருந்தேன். வாஹித் பாஷா வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"கொட்டியா? அத்த வெச்சி இன்னாமா பண்ணப்போற? மருந்தா?"

"மருந்து இல்ல பாய்."

"கெழங்கு எக்ஸ்போர்ட்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். அது எந்த வகைன்னு தெரியணும். காய் முத்துற வரைக்கும் இருந்தா போதும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சிடும். அவ்ளோதான்."

வாஹித் பாஷா கத்தியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ஏதாவது லாபம் சொல்லியிருந்தால் அவர் பேரம் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். கடைசியில், வடக்கு மூலையில் மூங்கில் நட்டு வலை கட்டித் தருவதாகச் சொன்னார். "காய் வர்ற வரைக்கும்தான். அப்பறம் நான் எடுத்துடுவேன். மீனுக்குத் தீனி வோணும்மா, எனக்கு வேற வழி இல்ல."

"சரி பாய்" என்றார் பூங்குழலி. வலை கட்டியபோது அவரும் தண்ணீரில் இறங்கி மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் பூங்குழலியின் வீட்டுக்கு சௌந்தர்யா வந்தார். பூங்குழலியோடு படித்தவர், இப்போது ஆற்காடு பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். வரும்போதெல்லாம் மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு வருவார், வந்ததும் பூங்குழலியின் தோளில் தட்டுவார். கம்பெனியில் இருந்து தோழியை எப்படியாவது வெளியே எடுத்துவிடவேண்டும் என்பது அவருடைய பல வருட வேண்டுதல். பூங்குழலி எப்போதோ பிஞ்சுக் காய்களைச் செய்தித்தாளில் வைத்து உலர்த்தியிருந்தார். சௌந்தர்யா அதை லென்ஸில் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"முள்ளு இருக்குடி. பாரு, நல்லாவே தெரியுது. எழுதிடலாம். உன் பேரு முன்னாடி, என் பேரு பின்னாடி. இது வந்திடுச்சுன்னா எங்க காலேஜ் ப்ராஜெக்ட்ல உன்ன எடுத்துக்க வெச்சிடுவேன். எத்தினி நாளைக்கு ஷூவத் திருப்பிப் பாத்துக்கினு இருப்ப?"

பூங்குழலி லென்ஸை வாங்கி மறுபடி பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"காஞ்சி சுருங்கி இருக்குடி. சுண்டக்கா வத்தலும் லென்ஸ்ல பாத்தா இப்டித்தான் இருக்கும்."

"எனக்கு முள்ளாத்தான் தெரியுது."

"எனக்கும் முள்ளாத் தெரியணும்னுதான் இருக்கு" என்றார் பூங்குழலி. "அதனாலதான் முத்தின காய் வோணும்."

சௌந்தர்யா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆனால் கிளம்பும்போது, எந்த ஞாயிற்றுக்கிழமை காய் எடுத்தாலும் தனக்குப் போன் செய்யவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

கதிர்கள் தலை குனியத் தொடங்கின. காய் வெடித்துச் சிதறாமல் இருக்க ஒவ்வொரு கதிருக்கும் பை கட்டவேண்டும். ஷூவின் உள்ளே வைத்துத் தைக்கிற வலைத்துணியில் வெட்டி எறிந்த துண்டுகளை, குர்ஷித்திடம் கேட்டு வாங்கி வந்து, சின்னச் சின்னப் பைகளாகத் தைத்துவைத்திருந்தார். தண்ணீர் போய்வரும், விதை வெளியே போகாது. கட்ட வேண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஷிப்மென்ட். எல்லோரும் வந்தாக வேண்டும்.

"ஒருத்திக்கு லீவு குடுத்தா லைன் பூராவும் கேக்கும் பூங்கு. செக்கர் இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் குர்ஷித். கெஞ்சலாகத்தான் சொன்னார். பூங்குழலி தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பைகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்ததைக் கணவர் மதியழகன் பார்த்திருக்கிறார்.

மதியழகன் ஜோலார்பேட்டையில் ரயில்வே டிராக்மேன். தண்டவாளத்தையே பார்த்து நடந்து நடந்து, வீட்டிலும் தரையைப் பார்த்தே நடப்பவர். மனைவியின் ஏரி விவகாரத்தில் அவர் தலையிட்டதில்லை. மேல்சட்டை ஈரமாகத் திரும்பி வரும்போது மட்டும், "இது கவர்மென்ட் சட்ட" என்று ஒருமுறை சொல்வார். நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் பயம். அன்று பூங்குழலி கம்பெனி பஸ் ஏறிய பிறகு, அவர் பைகளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். வாஹித் பாஷாவின் ஆள் ஒருவரைக் கரையில் நிற்கவைத்து, தன் இடுப்பில் கயிறு கட்டி அதன் மறுமுனையை அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டு, டியூபைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மாலை பூங்குழலி திரும்பிவந்து ஏரிக்கு ஓடினார். மூலை முழுக்க வெள்ளை வலைப்பைகள். கொட்டிக் கதிரில், அல்லி மொட்டில், சம்பங்கோரையில், செத்துப்போன ஆமணக்குக் குச்சி ஒன்றில்கூட.

"எது எதுன்னு எனக்கு இன்னா தெரியும்? தல குனிஞ்சி இருந்ததுக்கெல்லாம் கட்டிட்டேன்" என்றார் மதியழகன்.

இதை என்னிடம் சொல்லும்போது பூங்குழலி சிரிக்கத் தொடங்கி, பிறகு டப்பில் இருந்த குப்பிகளைத் தேவையில்லாமல் இடம் மாற்றி வைத்தார். "அல்லி மொட்டுல இருந்தத அவுக்கவே இல்ல. அது கொஞ்ச நாள் அப்டியே இருந்துச்சு."

காய் எடுத்த ஞாயிற்றுக்கிழமை கரையில் ஐந்து பேர் இருந்தோம். பூங்குழலி, மதியழகன், முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட சௌந்தர்யா, மீன் பார்க்க வந்ததுபோல வந்து நின்ற வாஹித் பாஷா, நான். பூங்குழலி தண்ணீரில் இருந்து பைகளை அறுத்துக்கொண்டு வந்து, வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தார். முதல் பையைப் பிரித்துக் காயை உள்ளங்கையில் உருட்டினார். லென்ஸைக் கண்ணில் வைத்தார். இரண்டாவது பை. மூன்றாவது. எல்லாப் பைகளையும் பார்த்து முடித்தார். பிறகு லென்ஸை சௌந்தர்யாவிடம் நீட்டினார்.

காய் வழவழவென்று இருந்தது. நுனியில் கிளி மூக்குபோலச் சின்ன வளைவு. அவ்வளவுதான். முள் இல்லை.

சௌந்தர்யா வெகுநேரம் கண்ணில் இருந்து லென்ஸை எடுக்கவேயில்லை. எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. "இன்னொண்ணு பாக்கலாம்டி. இது சரியா முத்தாம இருக்கலாம்."

"முத்தி வெடிச்சிருக்குடி. வெத வெளிய வந்திடுச்சி பாரு" என்று பூங்குழலி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஆறுதல் தேவைப்பட்டவர் இடம் மாறிப்போயிருந்தார்.

வாஹித் பாஷா மெதுவாகக் கேட்டார்: "இன்னா ஆச்சும்மா? நல்ல சேதிதானே?"

"பேரு தெரிஞ்சிடுச்சு பாய்."

"இன்னா பேரு?"

"எல்லா ஏரியிலயும் இருக்கற கொட்டிதான். இங்க நெறம் மட்டும் மாறி இருக்கு."

வாஹித் பாஷாவின் முகம் விழுந்தது. டீக்கடையில், தன் ஏரியில் யாருக்கும் இல்லாத செடி இருப்பதாக அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். "நெறம் மாறினா வேற ஜாதி இல்லியா?" என்று ஒரு கடைசி முயற்சி செய்தார்.

"இல்ல பாய். நம்ம வீட்டுலயே ஒருத்தர் செவப்பு, ஒருத்தர் கறுப்பு இல்லியா?"

அன்று மாலை பூங்குழலி சாப்பிடவில்லை என்று மதியழகன் பின்னால் சொன்னார். கிரைண்டரைக் கழற்றித் துடைத்தாராம். பிறகு அலமாரித் தட்டுகள். பிறகு மகளின் பள்ளி ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி போட்டாராம். "நான் ஒண்ணும் கேக்கல. ஷூ பளபளன்னு ஆய்டுச்சு" என்றார். மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் கம்பெனிக்குப் போனார். அந்த வாரமே, முற்றிய காயும் பூவும் கிழங்கும் சேர்த்து அட்டையில் ஒட்டிய மாதிரியைச் சரியான பெயர் எழுதி சௌந்தர்யாவின் கல்லூரிக்கு அனுப்பியும் விட்டார். பிஞ்சுக் காய்களையும் அதே அட்டையில் ஒட்டி, உலர்ந்தால் முள்போலத் தோன்றும் என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாஹித் பாஷா மட்டும் கரையில் இருந்தார். ஏரியில் மற்ற பச்சையெல்லாம் முடிந்துபோயிருந்தது. அவர் ஆள் மாட்டுத் தீவனப் புல்லைக் கட்டுக்கட்டாகத் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார். வடக்கு மூலையில் வலைக்கு அந்தப் பக்கம் மட்டும் இலைகள் பாய் விரித்ததுபோலக் கிடந்தன. வலைக்கு வெளியே தண்ணீர் அடிக்கடி சுழித்தது.

பூங்குழலி நைட்டியும் மேல்சட்டையுமாக வந்தார்.

"இருக்கட்டும்மா. ஓரமாத்தான கெடக்குது. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் வாஹித் பாஷா. வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காய் வர்ற வரைக்கும்னுதான பேசினோம் பாய். மீனு பசியா சுத்துது, பாருங்க."

"எல்லாத்தயும் தின்னுடும்மா."

"எலயத்தான் தின்னும். கெழங்க நோண்ட அதுக்குத் தெரியாது."

சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார். முதல் மூங்கிலுக்குப் போய், ஊறி இறுகிப்போன முடிச்சை விரலால் முயன்று, முடியாமல் பல்லால் இழுத்து அவிழ்த்தார். அடுத்த மூங்கில். அடுத்தது. வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது, தண்ணீருக்குள் ஒரு நீண்ட சாம்பல் நிழல் அவர் முழங்காலை உரசினாற்போலத் தாண்டி உள்ளே போனது. இலைப்பாய் ஒரு மூலையில் அசைந்தது. ஓர் இலை கீழே இழுபட்டு, மேலே வந்து, மறுபடி இழுபட்டது.

வாஹித் பாஷா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூங்குழலி ஈர வலையைத் தோளில் சுமந்தபடி அசையாமல் நின்றார். பிறகு மூக்கு தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்து, மீன் இலையை நுனியில் இருந்து தின்னத் தொடங்குகிறதா, காம்பில் இருந்தா என்று பார்த்தார்.